ஒளிபரப்பாகாத வாக்கியம்

தொலைக்காட்சி நிலையத்தில் அவளை எல்லோரும் ‘வட்டம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். செய்தி ஓடும்போது திரையின் வலது மூலையில், சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் நின்று சைகை மொழியில் பேசுகிறவள் அவள். நான்கு வருடமாக அங்கே நிற்கிறாள். ஆரம்பத்தில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். தேர்தல் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் சைகை மொழிபெயர்ப்பு கட்டாயம் என்று தேர்தல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் வேலை நிரந்தரமானது. “தேர்தல் வந்து வேலை போனவங்களைப் பாத்திருக்கேன். வேலை கிடைச்சவங்க நீங்க ஒருத்தர்தான்” என்று ஒலிப்பதிவாளர் கேலி செய்வார்.

அந்த மொழியை அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. அவளுக்கு ஐந்து வயது மூத்த அக்காவுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் சின்னவள் வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசப் பழகினாள். சாப்பிடும்போதுகூடக் கை ஓயாது. “மத்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு வாய் நீளம். இவளுக்குக் கை நீளம்னு வெளியில சொல்லவும் முடியலையே!” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அக்காவுக்கு இருபது வயதானபோது ஒரு துணிக்கடையில் வேலை கேட்டுப் போனார்கள். பேச்சுக்குத் துணையாக இவளும் போனாள். கடை முதலாளி அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி ஆளை நிறுத்தினா வர்றவங்க முகம் சுளிப்பாங்கம்மா” என்றார். அக்கா இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதைச் சொல்லக் கை வரவில்லை. “சொல்லி அனுப்புறாராம்” என்று காட்டிவிட்டாள். அக்கா மூன்று மாதம் தபால்காரரை எதிர்பார்த்தாள். நடுவில் வந்த இன்னொரு வேலையையும் வேண்டாம் என்றாள். உண்மை தெரிந்த அன்று அவள் கோபப்படவில்லை. “அந்த ஆள் வேலை தரல, அவ்வளவுதான். நீ எனக்குப் பொய் தந்த” என்று மட்டும் கையால் சொன்னாள். அதன் பிறகு எத்தனையோ பேர் பேச்சைக் கையில் எடுத்துச் சொல்லியிருக்கிறாள். எதையும் சேர்த்ததில்லை, எதையும் விட்டதில்லை.

அக்கா இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். ஓட்டுப் போடாமல் எந்தத் தேர்தலையும் விட்டதில்லை. ஆனால் யாருக்கு என்பதை டாக்ஸி ஓட்டும் அத்தான்தான் சொல்வார். யார் என்ன பேசினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். முதன்முதலாக வேட்பாளர் விவாதத்தில் தங்கை வட்டத்துக்குள் நின்ற அன்று அக்கா கடைசி வரை பார்த்தாள். பிறகு அத்தான் பக்கம் திரும்பி, “இந்தத் தடவை நான் சொல்றேன், நீங்க போடுங்க” என்றாள். அத்தான் மறு பேச்சுப் பேசவில்லை என்பது அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

இந்த வருடம் மேயர் தேர்தல். இரண்டு பேருக்குத்தான் போட்டி. ஒருவர் முன்பு குடிநீர் வாரியத் தலைவராக இருந்து தெருத்தெருவாகக் குழாய் இழுத்தவர். ஊரே அவரைக் குழாய் அண்ணன் என்றது. இன்னொருவர் ஒரு வக்கீலம்மா. காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்கள். குழாய் அண்ணன் பேசும்போது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். அக்கா அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டாள்.

விவாதம் மாலை ஏழு மணிக்கு, நேரலை. வட்டத்துக்குத் தனி அறை. பின்னால் நீலத் துணி, எதிரே ஒரு கேமரா, காதில் ஒரு கருவி. அரங்கத்தில் இருக்கும் எல்லா மைக்குகளின் ஒலியும் அந்தக் கருவிக்கு நேராக வந்துவிடும். எதைக் கூட்டி எதைக் குறைத்து வீடுகளுக்கு அனுப்புவது என்பது ஒலிப்பதிவாளர் தன் அறையில் தனியாகச் செய்கிற வேலை. நான்கு வருடத்தில் அந்த வித்தியாசம் யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரிந்ததில்லை.

ஏழே முக்காலுக்கு நெறியாளர் ஒரு கேள்விச் சீட்டைப் படித்தார். காது கேளாதோர் சங்கத்திலிருந்து வந்த கேள்வி. மாநகராட்சி அலுவலகத்தில் டோக்கன் நம்பரை வாயால் கூப்பிடுகிறார்கள். எங்களுக்குக் கேட்பதில்லை. காலையில் போனால் எங்கள் முறை எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறோம். நம்பர் காட்டும் பலகை வைப்பீர்களா?

குழாய் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “கண்டிப்பா வைப்போம். அவங்க நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரி. அவங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறோம்?” என்றார். கைதட்டல். அதையும் அவள் கையால் சொன்னாள். நெறியாளர் வக்கீலம்மா பக்கம் திரும்பினார். வக்கீலம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீரை ஒரு வாய் குடித்தார். அந்த இடைவெளியில் குழாய் அண்ணன், காகிதம் கொடுக்கக் குனிந்த தன் உதவியாளரிடம் மெதுவாகச் சொன்னார். “ஊமைங்க ஓட்டு ஊர்ல எத்தனை இருக்கும்? பத்து இருக்குமா? அதுக்கு ஒரு போர்டு!”

அவள் காதில் அது தெளிவாக விழுந்தது. விழுந்த வேகத்திலேயே கைகள் அதைச் சொல்லி முடித்தன. ‘ஊமை’ என்பதற்கு, உதட்டில் விரலை வைத்து அறுப்பது போன்ற பழைய சைகை ஒன்று உண்டு. மரியாதை கருதி இப்போது யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அவர் சொன்ன சொல்லுக்கு அதுதான் சரியான சைகை. அதையே காட்டினாள். பிறகு வக்கீலம்மா பேசத் தொடங்கினார், அவள் அதைத் தொடர்ந்தாள்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். குழாய் அண்ணன் அவளைப் பார்த்து, “அருமையா கை ஆட்டினீங்கம்மா. நான் பேசினதைவிட உங்க கை அழகாப் பேசியிருக்கும்” என்று வாழ்த்திவிட்டுக் காரில் ஏறினார். அவளுக்கு எதுவோ இடித்தது. ஒலிப்பதிவாளர் அறைக்குப் போனாள்.

“சார், வக்கீலம்மா பேசறதுக்கு முன்னால அவர் சொன்னாரே, அது போச்சா?”

“எது? அவர் பதில் முடிஞ்சதுமே மைக்கை இறக்கிட்டேனே. வெளியில ஒண்ணும் போகல.”

“என் காதுக்கு வந்துச்சு சார். நான் சொல்லிட்டேன்.”

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “என்ன சொன்னார்?”

அவள் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா.”

“சொல்லியாச்சே சார். டிவி பார்த்த காது கேளாதவங்க அத்தனை பேர்கிட்டயும்.”

கைப்பையில் இருந்த போனை எடுத்தபோது அக்காவிடமிருந்து இருபத்து மூன்று வீடியோ அழைப்பு வந்திருந்தது. திரும்ப அழைத்தாள். அக்கா எடுத்த எடுப்பில், “நிஜமா அப்படிச் சொன்னாரா?” என்றாள்.

“சொன்னார்.”

“அந்தச் சொல்லையேவா?”

“அந்தச் சொல்லையேதான்.”

அக்கா ஒரு முறை பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். “உங்க அத்தான் பக்கத்துலதான் இருந்தார். அவருக்கு ஒண்ணும் கேக்கலையாம். நான் கதை கட்டுறேன்கிறார்” என்றாள்.

இப்படித்தான் அந்த ஊரில் காது கேட்பவர்கள் யாருக்கும் தெரியாத ஒரு செய்தி, காது கேளாதவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, குழாய் அண்ணனின் தெருமுனைக் கூட்டத்துக்குச் சங்கத்திலிருந்து நாற்பது பேர் போனார்கள். முன் வரிசையில் நின்று, பத்து விரலையும் விரித்துக் காட்டி, அந்தக் கைகளையே இல்லை என்று ஆட்டினார்கள். பத்து இல்லை, பத்து இல்லை. மேடையிலிருந்து பார்க்க அது அவருக்கு வேறு மாதிரித் தெரிந்தது. முகம் மலர்ந்து, அவரும் பத்து விரலையும் விரித்துப் பதிலுக்கு ஆட்டினார். மறுநாள் நாளிதழில் படம் வந்தது. மேலே கொட்டை எழுத்தில், ‘குழாய் அண்ணனுக்குக் காது கேளாதோர் உற்சாக வரவேற்பு.’

சங்கத்துக்காரர்கள் கொதித்துப் போனார்கள். நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரே மாதிரி கடிதம் எழுதினார்கள். எழுத்து அவர்களுக்கு இரண்டாவது மொழி, அதனால் வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருந்தன. ‘நாங்கள் வரவேற்கவில்லை. கேட்டோம். அவர் பத்து என்றார். பத்து இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பது.’

கடிதத்தைப் படித்த ஒரு நிருபர் குழாய் அண்ணனிடமே போய்க் கேட்டார். அவர் அப்படி ஒரு சொல்லை வாழ்நாளில் உச்சரித்ததில்லை என்றார். மொழிபெயர்த்த பெண் எதிர்க்கட்சி ஆளாக இருக்கலாம் என்றும் சொன்னார். அன்று மத்தியானமே அவர் கட்சி நிலையத்துக்குப் புகார் அனுப்பியது.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மேஜைமேல் புகாரையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“வெளியில போகாததை நீங்க ஏம்மா சொன்னீங்க?”

“எது போச்சு, எது போகலன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? காதுல விழுந்ததைச் சொல்றதுதானே என் வேலை.”

“சரிதான். ஆனா இப்போ அவர் சொல்லவே இல்லைங்கிறார். தப்பா காதுல விழுந்துடுச்சு, வருந்துறேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. அதோட முடிஞ்சு போச்சு. உங்க வேலைக்கு நான் பொறுப்பு.”

“தப்பா விழலையே சார்.”

“விழலன்னு எனக்கும் தெரியும். எழுதறதுக்கு என்ன?”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நேராக ஒலிப்பதிவாளரிடம் போனாள். அவருக்கு இரண்டு பெண்கள், ஒருத்தி கல்லூரியில். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியா பதிவு பண்ணி, தேர்தல் முடியற வரைக்கும் வெச்சிருக்கணும்னு ஆணையத்தோட உத்தரவு. வெளியில போகாட்டியும் பதிவுல இருக்கும்.”

“நீங்க கேட்டீங்களா?”

“கேட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க” என்றார். “ஆனா நானா வந்து சொல்ல மாட்டேன்மா. யாராவது முறைப்படி எழுதிக் கேட்டா, இல்லைன்னும் சொல்ல மாட்டேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.”

அதற்குள் வக்கீலம்மா கட்சியிலிருந்து போன் வந்தது. மறுநாள் கூட்டத்தில் மேடையேறி, அந்தச் சைகையை எல்லோருக்கும் முன்னால் ஒரு முறை காட்டினால் போதும், காரும் அனுப்புகிறோம் என்றார்கள். அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. தன்னைப் பொய்க்காரி என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், ஒரு மேடை கிடைத்தால் கசக்குமா? ஆனால் வாயில் வந்த பதில் வேறு. “உங்க மேடையில ஏறிட்டா அப்புறம் என் கையை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, சார். உங்க ஆளுங்களே நம்ப மாட்டாங்க.”

அன்று சாயங்காலம் அவள் மேனேஜருக்கு ஒரு வரிதான் எழுதிக் கொடுத்தாள். அவர் கேட்ட வரி இல்லை. ‘என்மீது சொல்லப்பட்ட புகார் குறித்து, அன்றைய தனிப் பதிவைக் கேட்டு முடிவு செய்யும்படி கோருகிறேன். நகல்: தேர்தல் அதிகாரி.’ மேனேஜர் இரண்டு முறை படித்தார். நகல் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றாள். “கை ரொம்ப வேகம்மா உங்களுக்கு” என்று பெருமூச்சு விட்டார்.

விசாரணை தேர்தல் அதிகாரியின் அலுவலகத்தில் நடந்தது. பைல்கள் அடுக்கிய சின்ன அறை. குழாய் அண்ணனும் அவர் வக்கீலும் ஒரு பக்கம். மேனேஜரும் ஒலிப்பதிவாளரும் எதிர்ப்பக்கம். சங்கத்தின் சார்பில் செயலாளரும் அக்காவும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு மொழிபெயர்க்க அவள் எழுந்தபோது வக்கீல் குறுக்கிட்டார். “புகாரே அவங்க மேலதான். அவங்களே மொழிபெயர்த்தா எப்படி?” நியாயமான கேள்விதான். ஊரில் வேறு ஆள் இல்லை. அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அக்கா ஒரு அறையில் இருக்கும்போது இப்படி அவள் உட்கார்ந்ததே இல்லை.

பதிவு ஓடியது. முதலில் கைதட்டல். பிறகு நாற்காலி நகரும் சத்தம். பிறகு அந்தக் குரல், மெதுவாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. மொத்தம் ஏழு விநாடி.

அக்காவும் செயலாளரும் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. அவர்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் கூரையைப் பார்த்தார். வக்கீல் பேனா மூடியைத் திருகினார். குழாய் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. அக்காவுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஆனாலும் அதிகாரி, பதிவில் கேட்ட சொற்களை ஒரு தாளில் அப்படியே எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார். அக்கா படித்துவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

“பக்கத்துல இருந்த ஆள்கிட்ட வாய் தவறிச் சொன்னது” என்றார் குழாய் அண்ணன். “தமாஷுக்கு.”

வக்கீல் எழுந்து, அது ஒளிபரப்பாகாத தனிப்பேச்சு, தேர்தல் விதியில் குற்றம் ஆகாது என்றார். அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார். மொழிபெயர்ப்பாளர் மேல் தவறில்லை, புகார் தள்ளுபடி. இனிமேல் மொழிபெயர்ப்பாளர் காதுக்கு ஒளிபரப்பாகும் ஒலியை மட்டுமே அனுப்ப வேண்டும் என்று நிலையத்துக்கு உத்தரவு. ஒலிப்பதிவாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் எழுந்தபோது குழாய் அண்ணன் மட்டும் உட்கார்ந்திருந்தார். “நான் இவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும். அந்தம்மாவே சொல்லட்டும்” என்றார். அவள் அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

“நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க.”

அவள் சொன்னாள். அக்கா பதிலுக்குக் கேட்டாள். அவள் அதை வாயால் சொன்னாள். “சொன்னது தப்பா, நினைச்சது தப்பா?”

குழாய் அண்ணன் அக்காவை நேராகப் பார்த்தார். “ரெண்டும்” என்றார்.

மறுநாள் செய்தியில் இதற்கு இருபது விநாடி ஒதுக்கினார்கள். அதையும் வட்டத்துக்குள் நின்று அவள்தான் சொன்னாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல.

ஓட்டுப்பதிவு அன்று அக்காவும் தங்கையும் ஒன்றாகப் போய் வரிசையில் நின்றார்கள். வெளியே வந்து, விரலில் மை காயும்வரை பள்ளிக்கூடச் சுவர் நிழலில் நின்றார்கள். “யாருக்குன்னு கேக்க மாட்டியா?” என்றாள் அக்கா.

“கேக்கக் கூடாது.”

“நானே சொல்றேன். கண்ணாடிக்காரருக்கு.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை வேகமாக எழுந்தது. “அவருக்கா? உனக்குப் பைத்தியமா? எனக்கு வேலை போயிருக்கும்!”

“தெரியும். ஆனா அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்கு இப்போ தெரியும். நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார். அந்த வக்கீலம்மா மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அவங்க மைக்கைத்தான் யாரும் கேக்கலையே.”

“அது ஒரு காரணமா?”

“நம்ம தெருவுக்குத் தண்ணியும் அவர்தான் கொண்டுவந்தார்” என்றாள் அக்கா. பிறகு, “உன் ஓட்டை நீ போட்டியா, இல்லையா? அப்புறம் என்ன?” என்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். தங்கை அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. கோபத்தைவிட, அக்காவை இத்தனை வருடம் தான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோமா என்கிற குழப்பம்தான் அதிகம் இருந்தது.

குழாய் அண்ணன் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். ஆயிரத்து நூற்று நாற்பது பேரில் எத்தனை பேர் எந்தப் பக்கம் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கை அவர் போட்டுப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. பதவியேற்ற மறுவாரமே நன்றி சொல்லச் சங்கக் கட்டடத்துக்கு வந்தார். மொழிபெயர்க்க அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்.

ஓடு வேய்ந்த நீளமான கூடம். இருநூறு பேர் இருந்தார்கள். அவர் ஒரு வாக்கியம் பேசிவிட்டு நிறுத்துவார், அவள் கைகளைப் பார்ப்பார், முடிந்ததா என்று உறுதி செய்துகொண்டு அடுத்ததற்குப் போவார். ஒரு சொல்லைத் தேடி நடுவில் இரண்டு முறை திணறினார். அவளுக்கு அது புதிதாக இருந்தது. அவள் மொழிபெயர்த்த எந்த அரசியல்வாதியும் சொல்லைத் தேடி அவள் பார்த்ததில்லை.

பேச்சு முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு தச்சர் எழுந்தார். தெருநாய்களைப் பற்றிக் கேட்டார். மற்றவர்களுக்குப் பின்னால் நாய் குரைத்தால் ஒதுங்கிக்கொள்வார்கள், எங்களுக்குக் கடித்த பிறகுதான் தெரிகிறது என்றார். காலைத் தூக்கி முழங்காலுக்குக் கீழே தழும்பைக் காட்டினார்.

மேயருக்கு இது எதிர்பாராத கேள்வி. சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எந்தத் தெரு?” என்றார்.

அவள் கேட்டாள். உடனே கூடத்தில் ஒரு அறுபது எழுபது பேர் ஒரே நேரத்தில் கையை உயர்த்திப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். அவளுக்கு எந்தக் கையைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. “ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா” என்று வாயாலும் கையாலும் சேர்த்தே சொன்னாள்.